நோயைச் சொல்ல அஞ்சாத வளாகம்

கல்விக்கூடம் ஒன்றின் சிறப்பை அதன் தேர்ச்சி விழுக்காட்டையும், நூலகத்தில் உள்ள நூல்களின் எண்ணிக்கையையும், விளையாட்டில் வென்ற கேடயங்களையும் கொண்டு அளந்து பழகியவர்கள் நாம். அவை அளவுகோல்களே, ஐயமில்லை. ஆயினும் மற்றோர் அளவுகோலும் உண்டு. ஐப்பசி அடைமழையின் நள்ளிரவில் விடுதி மாணவர் மூவருக்கு ஒருசேர வயிற்றுப்போக்குக் கண்டால், விடிவதற்குள் அந்தக் கல்விக்கூடம் என்ன செய்கிறது? யாரிடம் சொல்கிறது? எதை மறைக்கிறது? இக்கேள்விகளுக்கு விடை கூற இயலாத வளாகம், எத்தனை மாடிகள் எழுப்பியிருப்பினும், தன் பிள்ளைகளைக் காக்க ஆயத்தமாகாத வளாகமே ஆகும்.

தொற்றுநோய்க்கு ஆயத்தம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன முகக்கவசமும், கிருமிநாசினியும், தனிப் படுக்கைகளுமே. கோவிட் பெருந்தொற்று நம்மை அவ்வாறு நினைக்கப் பழக்கிவிட்டது. அவையும் வேண்டியவையே. ஆனால் அவற்றுக்கெல்லாம் முற்பட்ட ஆயத்தம் ஒன்று உண்டு. நோயுற்றவர் "எனக்கு உடல்நலமில்லை" என்று எந்த இழப்புமின்றிச் சொல்லக்கூடிய நிலை அதன் முதற்கூறு. சொல்லப்பட்டது அன்றே அனைவருக்கும் உண்மையாக அறிவிக்கப்படும் நிலை அதன் இரண்டாம் கூறு. இவ்விரண்டும் இல்லாத இடத்தில் ஏனைய ஏற்பாடுகள் யாவும் விழலுக்கு இறைத்த நீரே என்பது நம் கருத்து. இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் வாயிலைக் கடந்து ஓடும் சாலையே சான்று பகரும்.

நெடுஞ்சாலை கற்பித்த பாடம்

இராமானுசர் பிறந்த ஊராகப் பன்னூறு ஆண்டுகளாக அறியப்பட்ட ஸ்ரீபெரும்புதூர், கடந்த முப்பது ஆண்டுகளில் தொழில் நகராக உருமாறியதை நம் கண்முன் கண்டோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான், டைம்லர் முதலிய வாகனத் தொழிற்சாலைகள் வந்தன. சுங்குவார்சத்திரத்தருகே பாக்ஸ்கான் வந்தது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களில் வாடகை அறைகள் விளைந்தன. பகல் ஷிப்டுக்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரர் படுக்கும் வாழ்க்கை ஆங்காங்கே இயல்பாயிற்று. நம் மாணவர் பலரின் அண்ணன்மாரும் அக்காள்மாரும் அந்த அறைகளில் வாழ்கின்றனர். விடுமுறை நாளில் நம் மாணவரும் அங்கேயே தங்குகின்றனர்.

2021 டிசம்பர் நடுவில், பூவிருந்தவல்லி அருகே இருந்த விடுதியொன்றில் தங்கிப் பாக்ஸ்கான் தொழிற்சாலைக்கு வேலைக்குச் சென்றுவந்த பெண்கள், விடுதி உணவை உண்டபின் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் துன்புற்றனர். 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எல்லாரும் இளம்பெண்கள், பலர் தொலைவான மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து, வீட்டின் முதல் சம்பளக்காரர்களாக வந்தவர்கள். நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவியரின் வயதினர்.

நோய் ஒன்று, அதனினும் விரைந்து பரவிய இன்னொன்று வதந்தி. மருத்துவமனைக்குச் சென்ற தோழியர் என்ன ஆனார் என்று உடன் தங்கியிருந்தோர்க்கு நம்பத்தகுந்த செய்தி கிட்டவில்லை. சிலர் இறந்துவிட்டனர் என்ற பேச்சு கைப்பேசிகளில் பறந்தது. டிசம்பர் 17ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாளும் பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். "எங்கள் தோழியர் எங்கே?" என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். எவரும் இறக்கவில்லை என அரசு அலுவலர் உரைத்தபோதும், முன்னரே சொல்லப்படாத உண்மையைப் பின்னர் நம்புவார் அரியராயினர். தொழிற்சாலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12ஆம் நாள்தான் மீண்டும் திறந்தது. தொழிலாளர் தங்குமிடங்கள், உணவுக்கூடங்கள் சிலவற்றில் உரிய தரம் இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமும் பாக்ஸ்கான் நிறுவனமும் ஒப்புக்கொண்டன. 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதித் தொகுதி ஒன்றைத் தமிழக அரசு ரூ.706.50 கோடியில் கட்டித் திறந்தது. நல்லதே நடந்தது. ஆனால் அந்த நன்மைக்கு முன்னுரை எழுத 159 பெண்கள் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்க வேண்டியிருந்தது.

இதற்கு ஏழு மாதம் முன்பே, 2021 மே மாதத்தில், கோவிட் இரண்டாம் அலையின்போது, இதே வழித்தடத்தில் மற்றொரு குரலும் எழுந்தது. ஒரகடம் ரெனோ-நிசான் தொழிலாளர் சங்கம், இடைவெளி விதிகள் காக்கப்படவில்லையென முறையிட்டுச் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகியது. ஹூண்டாய்த் தொழிலாளரும் வேலையை நிறுத்தி அமர்ந்தனர். அம்மாத இறுதியில் இரு தொழிற்சாலைகளும் சில நாள் மூடப்பட்டன. ஆக, "இங்கே ஆபத்து உள்ளது" என்று சொல்லுவதற்கு ஒருவர்க்கு நெடுஞ்சாலையும், மற்றொருவர்க்கு நீதிமன்றமும் தேவைப்பட்டன. வார்டன் அறைக் கதவே போதுமானதாக இருந்திருக்க வேண்டாமா?

நம் வீட்டு முற்றம்

தொழிற்சாலையைச் சுட்டும் விரலைச் சற்றே நம் பக்கம் திருப்புவோம். கல்வி வளாகங்கள் இதில் மேலானவை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா? நாட்டின் தலைசிறந்த நிறுவனங்களுள் ஒன்றான சென்னை ஐ.ஐ.டி.யில் 2020 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கோவிட் கண்டது. மாணவர்கள் அறைகளிலேயே இருக்க வைக்கப்பட்டு, உணவு பொட்டலங்களாக அனுப்பப்பட்டது. 2022 ஏப்ரலில் அதே வளாகத்தில் தொற்று மீண்டும் நூறைக் கடந்தது. அறிவுக்குப் பஞ்சமில்லாத இடத்திலும், ஒரே கூடத்தில் உண்டு, ஒரே தாழ்வாரத்தில் உறங்கும் வாழ்க்கை கிருமிக்கு வாய்ப்பாகிவிடுகிறது.

நம்மைப் போன்ற எளிய கல்லூரிகளின் நிலையை எண்ணுக. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். குறைந்தால் மருத்துவச் சான்றும் அபராதக் கட்டணமும் வேண்டும். கூலித் தொழிலாளியின் மகன் அவ்விரண்டுக்கும் எங்கே போவான்? காய்ச்சலோடு வகுப்புக்கு வருகிறான். அம்மைக் கொப்புளத்தை முழுக்கைச் சட்டையால் மறைக்கிறான். இருமுகிறான், 'வெறும் சளிதான் ஐயா' என்கிறான். நாமும் பதிவேட்டில் குறியிட்டு, அவன் வந்ததைப் பாராட்டுகிறோம். ஆசிரியராகிய நாம் இக்குற்றத்தைப் பலமுறை செய்திருக்கிறோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. திருத்திக்கொள்ளாமற் போனால்தான் வெட்கம். தொழிலாளிக்கு அன்றைய கூலி. மாணவனுக்கு அன்றைய வருகை. இரண்டும் நோயை மறைக்கக் கொடுக்கப்படும் விலையே.

"தளர்வு கொடுத்தால் பொய்க் காய்ச்சல் பெருகுமே" என்று நம் உடன்பணியாளர் சிலர் வினவுகின்றனர். நியாயமான வினா. பொய்க் காய்ச்சலால் ஓரிரு வகுப்புகள் வீணாகலாம். மறைத்த காய்ச்சலால் ஒரு விடுதியே படுக்கலாம். இவ்விரு இழப்புகளையும் தராசில் வைத்தால் எத்தட்டுத் தாழும் என்பது சொல்லாமலே விளங்கும். மேலும், பொய்யனைக் கண்டறிய வழியுண்டு: விடுதியின் நோயர் அறையில் ஒருநாள் தங்கச் சொல்லுங்கள், உண்மை நோயாளி தங்குவான், மற்றவன் மாலைக்குள் குணமடைவான்! ஆகவே, தொற்று அறிகுறியோடு நோயர் அறையில் பெயர் பதிந்த நாள்களை வருகையாகவே கொள்ளும் விதியைக் கல்லூரி மன்றங்கள் இயற்ற வேண்டும். பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும். காசு செலவில்லாத, ஆனால் எல்லாவற்றினும் வலிய தடுப்பு மருந்து இதுவே.

எண்ணத் தெரிதல்

சொல்லத் துணிந்தபின் வேண்டுவது எண்ணத் தெரிதல். 1854இல் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது, ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் இறந்தோரின் வீடுகளைக் கணக்கெடுத்து, ஒரு தெருக் குழாயே ஊற்றுக்கண் எனக் கண்டார். கிருமி இன்னதென்று உலகம் ஏற்குமுன்னரே எண்ணிக்கை அதைக் காட்டிக்கொடுத்தது. நம் விடுதியிலும் ஒரு சிறு குறிப்பேடு போதும். ஒவ்வொரு நாளும் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வயிற்றுப்போக்கு, எந்த அறை, எந்த உணவுக்கூடம் எனக் காலையில் பதிக. ஒரே கூடத்தில் உண்டவருள் மூவருக்கு ஒரே நாளில் வயிற்றுப்போக்குக் கண்டால், அன்றே வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் தொலைபேசியில் சொல்க. 'பெயர் கெடும்' என்று தயங்கினால், பெயரோடு வேறு பலவும் கெடும். பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனிச்சட்டத்தை 1939இலேயே கண்ட மாநிலம் நம்முடையது; தனித்துறையும் நூறாண்டு கடந்து நிற்கிறது. அத்துறையை எதிரியின் படைபோல் எண்ணி வாயிலை மூடுவது அறியாமை.

அடுத்தது தண்ணீர். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் இட்டோம் என்று நிறைவடைதல் கூடாது. கடைசிக் குழாயில் அது எஞ்சியிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். குழாய்முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருத்தல் இந்தியத் தர அளவு. சில துளி மருந்தும் ஒரு சிறு குப்பியும் கொண்டு நிறம் பார்த்துச் சொல்லும் இச்சோதனையை வேதியியல் மாணவர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார். லாரித் தண்ணீர் வாங்கும் கோடையிலும், கழிவுநீர் கலக்க வாய்ப்புள்ள மழையிலும் இது நாள்தோறும் வேண்டும். மஞ்சள் காமாலை நோயின் ஒருவகை, மாசுற்ற நீர் உடலுக்குள் சென்று இரண்டு முதல் ஏழு வாரம் கழித்தே வெளிப்படும். நோய் தெரியும் நாளில் தொட்டியைக் கழுவுவது, போன மாதத்துத் தவற்றுக்கு இன்று வருந்துவதாகும்.

சமையற்கூடத்தைப் பொறுத்தவரை, நெருப்பில் வெந்தது தூயது என்ற நம்பிக்கை முழு உண்மையன்று. சோற்றிலுள்ள சில நுண்ணுயிர் வித்துகள் கொதியிலும் மடியாமல் நின்று, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் மணிநேரங்களில் பெருகும். ஆகவே சமைத்த உணவு சூடாகவே பரிமாறப்படல் வேண்டும்; எஞ்சியது உடனே குளிரூட்டப்படல் வேண்டும். ஒவ்வொரு வேளை உணவிலும் ஒரு கரண்டி எடுத்து இரண்டு நாள் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தால், நோய் கண்டபோது காரணம் தேடுவோர்க்கு அதுவே சாட்சி. சமையற்காரர்க்கு வயிற்றுப்போக்குக் கண்டால் சம்பளம் பிடிக்காமல் விடுப்பு அளித்தல் இவை எல்லாவற்றினும் முதன்மை. அவர் ஒப்பந்தத் தொழிலாளர் என்று கை கழுவுதல் ஆகாது. சோப்பிட்டுக் கை கழுவுதலே வேண்டும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் வைரசுகள் சிலவற்றின்முன் கிருமிநாசினித் திரவம் வலுவற்றது. சோப்பும் நீருமே வல்லவை.

மழைக்காலத்துக்குரிய மற்றொரு பகைவன் டெங்குக் கொசு. அது சாக்கடையில் பிறப்பதன்று. மாடித் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, எறிந்த டயர் ஆகியவற்றின் தெளிந்த நீரில் பிறப்பது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒரு முறை நீரைக் கொட்டிக் காயவைத்தால் ஒரு தலைமுறையே அழியும். நம் பள்ளிவாசல் ஹவுளில் மீன் விட்டு வளர்க்கும் பழைய வழக்கம் கொசுப்புழுவுக்கு எதிரான நல்ல ஏற்பாடே. ஆயினும் நோய் பரவும் நாள்களில் அனைவரும் ஒரே ஹவுளில் வாய் கொப்பளிப்பதை விடுத்துக் குழாய் நீரில் உளூச் செய்தல் நலம். டெங்குவில் காய்ச்சல் தணிந்தவுடன் மகிழ்ந்துவிடலாகாது. தணியும் அந்நாள்களிலேதான் ஆபத்து நெருங்கும். விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, இரத்தக் கசிவு, சோர்வு ஆகியவற்றுள் எது கண்டாலும் 108க்கு அழைக்க வேண்டுமேயன்றி, மெஸ் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளலாகாது.

நான்காவது கூறு

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் நிறைவில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்தார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். நான்காமவரை நாம் மறந்துவிட்டோம். தாயைப் பிரிந்து வந்த விடுதிப் பிள்ளைக்கு அருகிருந்து பேணுபவர் யார்?

1971இல் வங்க அகதிகள் நிறைந்த பங்காவ்ன் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் நீர்மருந்து தீர்ந்த நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். அதைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் உறவினரே. முப்பது விழுக்காட்டை எட்டிய இறப்பு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. மருத்துவரின் அறிவு, பேணுபவரின் கையால் உயிர் காத்தது. ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டிய அளவு: இதை அறியாத மாணவர் ஒருவரும் நம் வளாகத்தில் இருத்தலாகாது. விடுதித் தளம் ஒவ்வொன்றுக்கும் இருவர் பயிற்சி பெற்று, நோயுற்றோர்க்கு நீரும் உணவும் செய்தியும் கொண்டு சேர்ப்பாராயின், வள்ளுவரின் நான்காவது கூறு நம் வளாகத்தில் உயிர்பெறும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்க்கு இதனினும் சிறந்த பணி எது?

செய்தியும் ஒரு மருந்தே. மாலைதோறும் அறிவிப்புப் பலகையில் நான்கு வரி போதும்: இன்று நோயுற்றோர் எத்தனை பேர், மருத்துவமனையில் எத்தனை பேர், அவர்தம் நிலை என்ன, நாளை செய்ய வேண்டியது என்ன. நோயுற்றோரின் பெயர் வேண்டா, எண்ணிக்கை வேண்டும். மருத்துவமனையிலுள்ளோர் தம் அறைத் தோழரோடும் பெற்றோரோடும் கைப்பேசியில் பேச வழிசெய்தல் வேண்டும். துப்புரவுப் பணியிலும் சமையலிலும் வடமாநிலத்தார் இருப்பின் அவர்தம் மொழியிலும் அறிவித்தல் வேண்டும். 2021இல் நெடுஞ்சாலைக்கு வந்த பெண்களுக்கு இந்த நான்கு வரிகள் முதல் நாளே கிடைத்திருந்தால், ஓரிரவுத் துயரமேனும் குறைந்திருக்கும்.

கலைந்து ஓடலாமா?

நோய் கண்டவுடன் விடுதியைப் பூட்டி அனைவரையும் ஊருக்கு அனுப்புதல் நிருவாகத்துக்கு எளிது. ஆனால் பையோடு கிருமியும் பேருந்து ஏறும். ஆரணியிலும் ஆம்பூரிலும் அம்மாவும் பாட்டியும் காத்திருக்கின்றனர். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் செல்லாதீர், உள்ளிருப்போர் அவ்வூரை விட்டு வெளியேறாதீர் என்னும் நபிகள் நாயகத்தின் அறிவுரையை நாம் மிம்பர்களில் கேட்டிருக்கிறோம். சிரியா நோக்கிச் சென்ற கலீஃபா உமர், கொள்ளைநோய்ச் செய்தி கேட்டு வழியிலிருந்தே திரும்பியதும், கி.பி. 639 அளவில் அம்வாஸ் கொள்ளைநோயின்போது அம்ர் இப்னுல் ஆஸ் மக்களை மலைப்பகுதிகளில் பிரிந்து தங்கச் செய்ததும் வரலாறு. நெரிசலைக் குறைத்தல் வேறு. நோயை ஊரூராகச் சுமந்து செல்லுதல் வேறு. இவ்வேறுபாட்டை அன்றே உணர்ந்திருந்தனர். ஆகவே, பூட்டுவதற்கு முன் பிரித்துத் தங்கவைக்க அறைகள் எவை என்று இப்போதே குறித்து வைப்போம்: சன்னல் திறக்கும் அறை, தனிக் கழிப்பறை, தனித் தட்டு டம்ளர். விருந்தினர் அறைகள் அதற்கு ஏற்றவை. சிறப்பு விருந்தினர் ஆண்டுக்கு இருமுறை வருவார். நோய் ஆண்டுதோறும் வரும்.

நம் மதில் ஐந்தடிதான். அதைத் தாண்டிச் சுங்குவார்சத்திரத்துக்கும் ஒரகடத்துக்கும் மாணவர் போய் வருகின்றனர். அங்கிருந்து சமையற்காரர் வருகின்றனர். அதே லாரி இரு பக்கமும் தண்ணீர் ஊற்றுகிறது. வெளியே தொழிலாளர் அறைகள் நோயுற்றிருக்க, உள்ளே மட்டும் நலமாக வாழும் வளாகம் எங்கும் இல்லை. ஆதலால் நம் குளோரின் குப்பியும், உப்பு-சர்க்கரைக் கரைசல் பயிற்சியும் மதிலுக்கு வெளியேயும் செல்லட்டும். சமுதாயப் பெரியோர்களே! கட்டடத்துக்குக் கல் நாட்ட நன்கொடை அளித்தீர்கள், நன்றி. இனி ஒரு நோயர் அறைக்கும், ஒரு செவிலியரின் ஆண்டுச் சம்பளத்துக்கும் அளியுங்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்க அங்கே இடம் குறைவு. ஆனால் ஒரு தாயின் துஆவில் இடம் நிறைய உண்டு.

மாணவச் செல்வங்களே! நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. அடுத்த முறை உடல் கொதிக்கும்போது, பதிவேட்டுக்கு அஞ்சி வகுப்புக்கு வராதீர்கள். வார்டன் அறைக்குச் சென்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அதற்காக உங்கள் வருகை குறையாது என்னும் உறுதியை உங்களுக்கு வாங்கித் தருவது எங்கள் கடமை. அக்கடமையை இம்மலர் வெளிவரும் ஆண்டிலேயே தொடங்குவோம்.